பேரிஷ் என்றால் கரடியா, அவநம்பிக்கையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு பங்குத்தரகு அலுவலகத்தின் முன்மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் நான். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, படிப்பு முடித்த கையோடு கைப்பேசியில் டீமேட் கணக்குத் தொடங்கிய பிள்ளை என்று யார் வந்து உட்கார்ந்தாலும், பேச்சின் நடுவே ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள். அந்தச் சொல் ‘பேரிஷ்’. தொலைக்காட்சியில் வணிகச் செய்தி சொல்பவர்கள் அதை ஓயாமல் சொல்கிறார்கள். பொருள் மட்டும் சொல்வதில்லை. ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்லிச் சலித்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இது ஒரு சொல்லைப் பற்றிய பக்கம். எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்ற யோசனையை இதில் தேட வேண்டாம்.

எல்லாரும் பேரிஷ் பேரிஷ்ங்காவளே, அப்படின்னா என்ன அண்ணாச்சி?

ஒரு பொருளின் விலை இனி இறங்கும் என்று எதிர்பார்க்கும் பார்வைக்குப் பேரிஷ் என்று பெயர். அந்தப் பொருள் ஒரு நிறுவனத்தின் பங்காக இருக்கலாம், தங்கமாக இருக்கலாம், கச்சா எண்ணெயாக இருக்கலாம், மொத்தச் சந்தையாகவும் இருக்கலாம். இதற்கு எதிர்ச்சொல் புல்லிஷ். விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு.

இதில் ‘இனி’ என்பதுதான் முக்கியம். விலை ஏற்கெனவே விழுந்துவிட்டதைச் சொல்ல ‘சரிவு’, ‘வீழ்ச்சி’ என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. நேற்று 500 புள்ளி விழுந்த சந்தையைப் பார்த்து, ‘போதும், இதற்குமேல் விழாது’ என்று நினைப்பவர் புல்லிஷ். நேற்று 500 புள்ளி ஏறிய சந்தையைப் பார்த்து, ‘இது நிற்காது’ என்று நினைப்பவர் பேரிஷ். விழுந்த விலைக்கும் பேரிஷ் என்ற சொல்லுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

பேரர் செக்குல வார பேரரும் இதுவும் ஒண்ணா? சிலபேரு பியர்னு வேற எழுதுதாங்க

ஒன்று அன்று. பேரர் காசோலையில் வரும் சொல்லுக்குக் ‘கையில் கொண்டுவருபவர்’ என்று பொருள். யார் கொண்டுவந்தாலும் பணம் கிடைக்கும் காசோலை அது. நம் சொல் கரடியைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒலி ஒன்று, குலம் வேறு.

எழுதும்போது ‘பேர்’, ‘பேரிஷ்’ என்று எழுதுவதே நல்லது. ‘பியர் மார்க்கெட்’ என்று எழுதினால் படிக்கிறவர் டாஸ்மாக் கடையைத்தான் நினைப்பார்.

கரடிக்கும் விலை இறங்குறதுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஊர்க் கரடி மரம் ஏறும்லா?

கடையம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது இது. களக்காடு முண்டந்துறை மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்குக் கரடி படத்தில் பார்த்த விலங்கு அன்று. ராத்திரியில் இறங்கி வந்து பலாவைப் பிய்த்துவிட்டுப் போவது. தேனுக்காக உச்சிக்கிளை வரை ஏறும் ஒரு விலங்கை இறக்கத்தின் அடையாளமாக வைத்தது அவருக்கு வேடிக்கையாகப் பட்டதில் தவறே இல்லை.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இது: புல்லிஷில் உள்ள ‘புல்’ என்னும் காளை கொம்பால் கீழிருந்து மேலே தூக்கும், கரடி கையால் மேலிருந்து கீழே அறையும். நினைவில் வைத்துக்கொள்ள இது நன்றாக உதவும், ஆனால் சொல் பிறந்த கதை வேறு. ‘கரடியைப் பிடிக்குமுன் அதன் தோலை விற்காதே’ என்று ஐரோப்பாவில் ஒரு பழமொழி உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகரத்துப் பங்கு வணிகர்களில் சிலர், தங்கள் கையில் இல்லாத பங்குகளை இன்றைய விலைக்கு விற்பதாக ஒப்புக்கொண்டு, ஒப்படைக்கும் நாளுக்குள் விலை இறங்கும், அப்போது மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தார்கள். பிடிக்காத கரடியின் தோலை விற்றவர்கள் என்பதால் அவர்களைக் கரடித்தோல் வணிகர்கள் என்றார்கள். பிறகு தோல் உதிர்ந்து கரடி மட்டும் நின்றது. 1720-ல் தென்கடல் நிறுவனத்தின் பங்குகள் உச்சிக்குப் போய்ச் சரிந்த காலத்தில் இந்தச் சொல் ஊரறிந்ததாகிவிட்டது. காளை அதற்கு இணையாகப் பின்னால் வந்து சேர்ந்தது.

இந்த வேலை நமக்குப் புதிது அன்று. எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் விலை ஏறும், மழை விழுந்து காய்ப்பும் கூடிவிட்டால் விலை இறங்கும். ஒரு பேச்சுக்கு, சித்திரையில் கிலோ 120 ரூபாய் விற்கிறது என்று வைப்போம். வியாபாரி ஒருவர் கேரளத்துக் கடைக்காரரிடம், ‘ஆனி கடைசியில் கிலோ 80 ரூபாய்க்குப் பத்து மூட்டை தருகிறேன்’ என்று தொலைபேசியில் வாக்குக் கொடுக்கிறார். கையில் ஒரு பழம்கூட இல்லை. அந்தப் பழம் இன்னும் பிஞ்சாகவே மரத்தில் இருக்கலாம். ஆனியில் ஏலத்தில் 50 ரூபாய்க்குக் கிடைத்தால் கிலோவுக்கு 30 ரூபாய் லாபம். மழை பொய்த்து 110 ரூபாய் என்று நின்றால் அதே 30 ரூபாய் நட்டம். சொல் தெரியாமலே அவர் முழுக் கரடி.

அப்ப தமிழ்ல கரடின்னே எழுதிரலாமா? கரடி விடுதான்னு நினைச்சுக்கிட மாட்டாங்களா?

நினைப்பார்கள். தமிழில் கரடிக்கு ஏற்கெனவே வேறு வேலைகள் இருக்கின்றன. ‘கரடி விடுகிறான்’ என்றால் இல்லாததைக் கட்டி அளக்கிறான் என்று பொருள். ‘சிவபூஜையில் கரடி’ என்றால் நேரம் கெட்ட நேரத்தில் வந்து நுழைபவர். அந்தக் கரடி விலங்கே அன்று, கரடிகை என்னும் இசைக்கருவி என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆக, நம் காதில் கரடி என்றதும் புளுகும் இடைஞ்சலும் நினைவுக்கு வருமே ஒழிய, விலை இறங்கும் என்ற கவலை வராது. ‘பங்குச்சந்தை நிபுணர் ஒரு கரடி’ என்று எழுதினால், அந்த நிபுணர் வழக்குப் போடாமலிருந்தால் சரி.

என் வழக்கம் இது. ‘கரடிச் சந்தை’ என்ற தொடர் நாளிதழ்களில் பழகி ஊன்றிவிட்டது. அதைத் தயங்காமல் எழுதலாம், ‘ச்’ என்ற ஒற்றை விட்டுவிடாமல். ‘கரடியின் பிடியில் சந்தை’ என்ற தலைப்பும் யாருக்கும் புரியும். ஆனால் ஓர் ஆளின் கருத்தைச் சொல்லும்போது விலங்கைக் கூப்பிடவே வேண்டாம். ‘விலை இறங்கும் என்று கருதுகிறார்’ என்று எழுதினால் தீர்ந்தது. ‘கரடித்தனமான போக்கு’ என்று ஒரு மொழிபெயர்ப்பு ஒருமுறை என் கண்ணில் பட்டது. குரங்குத்தனம், முட்டாள்தனம் என்பவற்றில் பழகிய ‘தனம்’ என்ற சொல்லைக் கொண்டுபோய்ச் சந்தை அறிக்கையில் ஒட்டியதால், சந்தை ஏதோ சேட்டை செய்கிறது என்ற எண்ணம்தான் வருகிறது.

வடக்க உள்ள சேட்டுங்க ‘மந்தி’ங்காங்க. அது நம்ம மண்டியா, இல்ல குற்றாலத்துக் குரங்கா?

இரண்டும் இல்லை. இந்தியிலும் குஜராத்தியிலும் விலை ஏறுவதைத் ‘தேஜி’ என்றும் இறங்குவதை ‘மந்தி’ என்றும் சொல்வார்கள். மும்பைச் சந்தையில் காளையும் கரடியும் புழங்கும் அளவுக்கு இந்தச் சொற்களும் புழங்கின. மந்தி என்பது ‘மந்த’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘வியாபாரம் மந்தம்’ என்று நாம் சொல்கிறோமே, அந்த மந்தத்தின் உறவுக்காரர்.

நாம் சொல்லும் மண்டி, கமிஷன் வைத்து மொத்த வியாபாரம் நடக்கும் கடை. வடக்கே அதே போன்ற ஒலியுடன் சந்தையைக் குறிக்கும் இன்னொரு சொல் உண்டு. தொலைபேசியில் ‘மந்தி’ என்று கேட்டால் விலை இறங்கியிருக்கிறது என்றும், ‘மண்டி’ என்று கேட்டால் இடத்தைச் சொல்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். குற்றாலத்து மந்திக்குச் சந்தை நிலவரத்தில் அக்கறை கிடையாது. சுற்றுலாப் பயணி கையில் வைத்திருக்கும் பழத்தில்தான் அக்கறை.

நம்ம சந்தையில இதுக்குச் சொல்லே இல்லையாக்கும்?

நிறைய இருக்கின்றன, அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். ‘சந்தை படுத்துட்டு’ என்றால் விலையும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. ‘சரக்குத் தேங்கிட்டு’ என்றால் வரத்து அதிகம், எடுப்பு இல்லை. ‘மந்தம்’ என்றால் கொடுக்கல் வாங்கலே குறைவு. விலை பெரிதாக இறங்காமலும் சந்தை மந்தமாக இருக்கலாம். ‘கிராக்கி இல்லை’ என்பது தேவையைப் பற்றிய பேச்சு. இவை எல்லாம் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் சொற்கள்.

பேரிஷ் என்பதற்கு நேரான பேச்சு வேறு மாதிரி இருக்கும். மேலப்பாளையம் கால்நடைச் சந்தையில் செவ்வாய்க்கிழமை போய் நின்று பாருங்கள். ஆட்டின் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டு, ‘கார்த்திகை பிறக்கட்டும், பார்ப்போம்’ என்று ஒருவர் நகர்வார். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் அதிகம், கறி தின்பவர்கள் குறைவு, அதனால் விலை இறங்கும் என்பது அவர் கணக்கு. விலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் அவர் தம் பார்வையைச் சொல்லிவிட்டார். இப்படிக் காலத்தைச் சொல்லி விலையைக் குறிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அதற்கு ஒற்றைச் சொல் தேவைப்படவில்லை.

எழுத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்றால் ‘இறங்குமுகம்’ இருக்கிறது. விலையின் போக்கைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘அவநம்பிக்கை’ என்று சில இதழ்கள் எழுதுகின்றன; அது மனத்தின் வருத்தத்தைச் சொல்கிறது. விலை இறங்கும் என்று எதிர்பார்த்து, இறங்கினால் மகிழ்ச்சியடையப் போகிறவரும் பேரிஷ்தான் என்பதால், அந்தச் சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

எத்தனை சதவீதம் விழுந்தா கரடிச் சந்தை?

அண்மை உச்சத்திலிருந்து 10 சதவீதம் இறங்கினால் ‘திருத்தம்’, 20 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் ‘கரடிச் சந்தை’ என்பது உலகம் முழுவதும் பத்திரிகைகளும் தரகர்களும் பின்பற்றும் வழக்கு. சட்டத்தில் எழுதப்பட்ட அளவு அன்று. 19 சதவீதத்தில் நல்ல சந்தை, 20-ல் கெட்ட சந்தை என்று எந்த மணியும் அடிப்பதில்லை.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். மும்பைப் பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீடான சென்செக்ஸ், 2008 ஜனவரியில் நாள்முடிவில் 20,873 வரை போனது. 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. ஏறத்தாழ 61 சதவீத இறக்கம், அதற்கு எடுத்த காலம் பதினான்கு மாதம். 2020-ல் தேசியப் பங்குச்சந்தையின் குறியீடான நிஃப்டி ஜனவரியில் 12,362-ல் முடிந்து, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது; சுமார் 38 சதவீதம், இரண்டு மாதம் சொச்சம். இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ஆனால் ஒன்று மெல்ல அரித்த நோய், மற்றொன்று திடீரென விழுந்த இடி.

இந்த இடத்தில் கணக்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அநேகமாக எல்லோரும் இதில் வழுக்குகிறார்கள். 100 ரூபாய் 20 சதவீதம் இறங்கினால் 80. அந்த 80 மறுபடி 100 ஆக 20 சதவீதம் போதாது. 25 சதவீதம் ஏற வேண்டும். பாதியாக இறங்கியது பழைய இடத்துக்கு வர இரட்டிப்பாக வேண்டும். 61 சதவீதம் இறங்கியது திரும்ப 150 சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டியிருந்தது.

2024 செப்டம்பருக்குப் பெறவு மாசக்கணக்கா விழுந்துச்சே, அது கரடியா இல்லையா? வாட்சப்புல ஒரே சண்டையா இருக்கு

இரண்டு தரப்பும் சரி. அளந்த கோல்தான் வேறு. நிஃப்டி 2024 செப்டம்பர் 26 அன்று 26,216-ல் முடிந்தது. 2025 மார்ச் 4 அன்று 22,082-ல் முடிந்தது. இறக்கம் சுமார் 16 சதவீதம். மேலே சொன்ன வழக்கின்படி அது திருத்தத்தைத் தாண்டியது, கரடிச் சந்தையைத் தொடவில்லை. ஆனால் அதே காலத்தில் சிறு நிறுவனப் பங்குகளின் குறியீடுகள் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கின. சிறு நிறுவனப் பங்குகளாகவே வாங்கி வைத்திருந்தவருக்கு அது சந்தேகமில்லாத கரடிச் சந்தை.

ஆகவே, ‘சந்தை கரடிப் பிடியில்’ என்று யாராவது சொன்னால், ‘எந்தக் குறியீடு, எந்த நாளிலிருந்து’ என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லாமல் போடுகிற சண்டைக்கு முடிவே கிடையாது.

பேரிஷ்னாலும் பொருளாதார மந்தநிலைன்னாலும் ஒண்ணுதானே சார்?

இல்லை. மந்தநிலை என்பது நாட்டின் உற்பத்தி சுருங்குவது. தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் அப்படிச் சொல்வது பொதுவான வழக்கு. சந்தை அதற்கு முன்னாலேயே ஓடும், சில நேரம் எதிர்த்திசையிலும் ஓடும்.

2020-ஐ மறுபடி பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியாவின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியதாகவும், அடுத்த காலாண்டில் 7.5 சதவீதம் சுருங்கியதாகவும் அரசின் முதல் மதிப்பீடுகள் சொன்னன. மந்தநிலைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் மார்ச் கடைசியில் 8,600-ஐ ஒட்டி இருந்த நிஃப்டி, செப்டம்பர் கடைசியில் 11,247-ல் நின்றது. வண்ணார்பேட்டையில் கடைகள் பாதி பூட்டிக் கிடந்த மாதங்களில் பங்குகள் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ‘இது என்ன கூத்து’ என்று கேட்காதவர்கள் இல்லை. சந்தை எதிர்காலத்தை விலைபேசுகிறது. உற்பத்திக் கணக்கு கடந்ததைச் சொல்கிறது.

ஒருத்தர் பேரிஷ்ஷா இருக்காருன்னா எல்லாத்தையும் வித்துட்டாருன்னு அர்த்தமா?

அர்த்தமில்லை, கருத்து வேறு, காரியம் வேறு. விலை இறங்கும் என்று கருதுபவர் பல விதமாக நடந்துகொள்ளலாம் என்றாலும், நான் அதிகம் பார்ப்பது ஒன்றுமே செய்யாமல் இருப்பவர்களைத்தான். என்னிடம் வரும் தலைமையாசிரியை வங்கிப் பங்குகள் இறங்கும் என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறார். ஈவுத்தொகை வருகிறது என்பதற்காக ஒன்றையும் விற்றதில்லை. அவர் பார்வையில் பேரிஷ், பையில் இல்லை.

கையில் இல்லாததை விற்று இறக்கத்தில் லாபம் பார்ப்பது தனி வேலை. அதை ஷார்ட் போடுவது என்பார்கள். புளியங்குடி எலுமிச்சைக் கணக்கை மேலே பார்த்தோமே, அதுவேதான். சாதாரண முதலீட்டாளர் பங்கை அன்றைக்கே விற்று அன்றைக்கே திரும்ப வாங்கிவிட வேண்டும். வாங்கத் தவறினால் அந்தப் பங்கு ஏலத்துக்குப் போய், ஏல விலையும் அபராதமும் அவர் தலையில் விழும். நாள் கடந்து நிற்க வேண்டுமென்றால் ஃபியூச்சர், புட் ஆப்ஷன் என்ற முன்பேர ஒப்பந்த வழிகளுக்குப் போக வேண்டும்.

பக்கத்தின் தொடக்கத்தில் யோசனை சொல்ல மாட்டேன் என்றேன். ஆனாலும் இந்த ஒரு கணக்கை மறைக்க மனம் வரவில்லை: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்ததாகவும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதில் காளைகளும் இருந்தார்கள், கரடிகளும் இருந்தார்கள்.

ஒரே ஆளு காலையில பேரிஷ்ங்காரு, சாயங்காலம் புல்லிஷ்ங்காரு. எதை நம்ப?

அவர் காலக்கெடுவைச் சொல்லாமல் விட்டிருப்பார். நாளை இறங்கும், அடுத்த ஆண்டு ஏறும் என்று ஒரே ஆள் ஒரே மூச்சில் நினைப்பதில் முரண் இல்லை. பூ விற்கும் அம்மாவைக் கேளுங்கள்: முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் மல்லிகை விலை இறங்கும் என்பார், மார்கழிப் பனியில் ஏறும் என்பார். இரண்டும் சரி.

காலக்கெடு இல்லாத பேரிஷ் கருத்து என்றைக்காவது ஒருநாள் பலித்தே தீரும், ஏனென்றால் எந்த விலையும் என்றைக்காவது இறங்கும். அப்படிப் பட்ட கருத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

சார்ட்ல ‘பேரிஷ் என்கல்ஃபிங்’னு வருதே, அது நடந்ததா, நடக்கப் போறதா?

கூர்மையான கேள்வி. மெழுகுவத்தி வடிவப் படத்தில் ஒவ்வொரு மெழுகுவத்தியும் ஒரு நாளின் தொடக்க விலை, முடிவு விலை, உச்சம், தாழ்வு ஆகிய நான்கையும் காட்டும். விலை ஏறிவந்த பிறகு, ஏறிய நாளைக் காட்டும் ஒரு சின்னப் பச்சை மெழுகுவத்தியின் உடலை (தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்ட பகுதியை), இறங்கிய அடுத்த நாளின் பெரிய சிவப்பு மெழுகுவத்தி மேலும் கீழும் முழுக்க விழுங்கினாற்போல் அமைந்தால் அதற்கு இந்தப் பெயர். விழுங்கியது நடந்த செய்தி. ‘பேரிஷ்’ என்பது, இதற்குப் பின் விலை இறங்கக்கூடும் என்று படம் பார்ப்பவர் ஒட்டிய சீட்டு. ஒட்டிய சீட்டின்படி விலை நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த மெழுகுவத்திப் படமே ஜப்பானின் பழைய அரிசி வணிகத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நெல்லுக்கு வேலி கட்டியதால் பெயர் பெற்ற ஊர்க்காரர்கள் நாம், இதை முன்னமே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எல்லாரும் பேரிஷ்ஷா இருக்கும்போதுதான் வாங்கணுமாமே, உண்மையா?

பாதி உண்மை, அதனாலேயே ஆபத்து. விற்க நினைத்தவர்கள் எல்லோரும் விற்றுத் தீர்ந்த பிறகு விலையைக் கீழே தள்ள ஆள் இருக்காது. ஷார்ட் போட்டவர்களும் கணக்கை முடிக்கத் திரும்ப வாங்கியாக வேண்டும். அதனால் அவநம்பிக்கை உச்சத்தில் இருக்கும்போது விலை திரும்புவது உண்டு. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் விழுந்தது. காலையில் 10 சதவீதம் இறங்கியதும் வணிகத்தை 45 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். அந்த 45 நிமிடத்தில் எங்கள் தொலைபேசி கீழே வைக்க விடாமல் அடித்தது, எல்லாக் குரலும் ஒரே சொல்லைத்தான் சொன்னது: ‘வித்துருங்க’. பயத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் குறியீடு அந்த வாரம் 80-ஐத் தாண்டியது. நாள்முடிவுக் கணக்கில் பார்த்தால் அந்த நாள்தான் அடிமட்டம்.

இதைக் கேட்டுவிட்டுத் துள்ளுகிறவர்களுக்கு 2008-ஐ எடுத்துக் காட்டுவேன். அந்த ஜூலையில் சென்செக்ஸ் 13,000-க்குக் கீழே வந்தபோதும் எல்லோரும் பேரிஷ்தான், பயத்துக்கும் குறைவில்லை. அதன் பிறகும் அது 4,000 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது.

விலை விழணும்னு நினைக்கதே பாவம்லா? இவங்க வேணும்னே கீழ தள்ளுதவங்கதானே?

விலை இறங்கும் என்று கருதுவது வேறு. இறங்கவைக்கச் சூழ்ச்சி செய்வது வேறு. இரண்டாவதும் நடந்திருக்கிறது. 1982-ல் கரடிக் கூட்டம் ஒன்று மும்பைச் சந்தையில் ரிலையன்ஸ் பங்குகளை, கையில் இல்லாமலே, மளமளவென்று விற்று விலையை இறக்கப் பார்த்தது. திருபாய் அம்பானியின் தரப்பைச் சேர்ந்தவர்கள் விற்றதையெல்லாம் வாங்கிக்கொண்டே போய், கணக்கு முடிக்கும் நாளில் ‘பங்கைக் கையில் கொடு’ என்று நின்றார்கள். கரடிகளிடம் தோல் இல்லை. அந்தச் சிக்கலில் சந்தையே மூன்று நாள் மூடிக் கிடந்தது.

பொய்ச் செய்தி பரப்பி விலையை இறக்குவது இன்று செபியின் விதிகளின்படி குற்றம்; பொய்ச் செய்தி பரப்பி ஏற்றுவதும் அதே குற்றம்தான். ஆனால் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் படித்து, ‘இந்த விலை தாங்காது’ என்று வெளிப்படையாகச் சொல்பவரைப் பாவி என்பது நியாயமில்லை. ஆட்டுச் சந்தையில் ‘கார்த்திகை பிறக்கட்டும்’ என்று நகர்ந்தவரை யாரும் பாவி என்று சொல்லவில்லையே.

தீபாவளி முகூர்த்த வர்த்தகத்துல பேரிஷ்ஷா பேசப்படாதாமே?

சந்தையில் அப்படி ஒரு விதி இல்லை. தீபாவளியையொட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடக்கும் அந்த அமர்வில் நல்ல நாளுக்காக ஒன்றிரண்டு பங்கு வாங்கி வைப்பது பலருக்கு வழக்கம், விற்கவும் தடையில்லை. என் அம்மா விளக்கு வைத்த பிறகு ‘அரிசி இல்லை’ என்று சொல்ல விடமாட்டாள், ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அறிக்கையில, குறுகிய காலத்துக்குப் பேரிஷ், நீண்ட காலத்துக்குப் புல்லிஷ், சிமெண்ட் மேல நியூட்ரல்னு போட்டிருக்கு. எங்க அப்பாவுக்குப் புரியுற மாதிரி தமிழ்ல எப்படி எழுத?

கல்லூரி முடித்த பெண் ஒருவர் தாளையே கொண்டுவந்து நீட்டினார். அவருடைய அப்பா தாழையூத்துச் சிமெண்ட் ஆலைப் புகையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தவர். பங்கு வைத்திருக்கிறார், அறிக்கை படிப்பதில்லை. சொல்லுக்குச் சொல் தேடினால் கரடி, காளை, நடுநிலை என்று மூன்று சொற்கள் கிடைக்கும், அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. மேலே பிரித்துப் பார்த்தபடி யாருடைய கருத்து, எதைப் பற்றி, எந்தக் காலத்துக்கு என்ற மூன்றையும் வைத்து வாக்கியமாக எழுதச் சொன்னேன்.

அவர் எழுதியது இது: ‘அடுத்த சில மாதங்களில் சந்தை இறங்கும் என்று இந்த நிறுவனம் கருதுகிறது. சில ஆண்டுகள் பொறுத்தால் இப்போதைய விலையைவிட ஏறும் என்றும் கருதுகிறது. சிமெண்ட் பங்குகள் ஏறும் என்றோ இறங்கும் என்றோ அது எதுவும் சொல்லவில்லை.’ முதல் வாக்கியத்தில் ‘இறங்கியிருக்கிறது’ என்று முதலில் எழுதி, பிறகு தாமே அடித்துவிட்டு ‘இறங்கும் என்று கருதுகிறது’ என்று மாற்றினார்.